மாலை 5.12, பர்வீன் பானு

காரைக்குடி
9 ஜூலை 2025

அன்புள்ள பர்வீன்,

உறையின் மேல் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ பிரித்திருக்க மாட்டாய். உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய்; அதைக் குறை சொல்ல வரவில்லை. இளையான்குடி முகவரியை நம் அறை அஜீஸாவிடம் வாங்கினேன். கொடுக்க அவளுக்கு மனமில்லை. அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் உனக்கு வேலை கிடைக்க இருந்ததாகவும், அவர்கள் இங்கே மருத்துவமனைக்குப் போன் செய்து விசாரித்த பிறகு உன்னைக் கூப்பிடவில்லை என்றும் அவள்தான் சொன்னாள்.

அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 19 மாலை 5.12-க்கு, சுபா என்ற பெண்ணின் பழைய சிகிச்சைக் கோப்பு உன் பெயரில் திறக்கப்பட்டது. அதில் இருந்த செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் அவள் கல்யாணப் பேச்சு முறிந்தது. நோன்பு அனுமதியில் நாலரைக்கே கிளம்பிவிட்டேன் என்று நீ சொன்னாய். நான் ரெக்கார்டு பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில், "பாஸ்வேர்டு இல்லாமல் அந்தப் பெட்டி திறக்காது. ஆகவே திறந்தது பர்வீன் பானு, அல்லது அவர் பாஸ்வேர்டு கொடுத்த யாரோ" என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்துத்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நான் எழுதியது தவறு.

ஜனவரியில் பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் உள்ளங்கை அளவுப் பெட்டிகளை மாட்டினோம். தின் கிளையன்ட் என்று பெயர். நீங்களெல்லாம் டப்பா என்றீர்கள். அதற்குள் ஒன்றும் கிடையாது. நாம் திறக்கும் கோப்பு, அடிக்கும் எழுத்து எல்லாம் மாடியில் இருக்கும் சர்வரில் நடக்கிறது. பெட்டி அதைக் காட்டுகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் பெட்டி மறுபடி எழுந்து, பாஸ்வேர்டு கேட்காமல், விட்ட இடத்திலேயே திரையைக் காட்டும். இது உனக்கும் தெரியும். போன வாரம் ஒரு பெட்டியைக் கையால் சுவிட்சை அணைத்து, அரை மணி கழித்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் கேட்கவில்லை. கரண்ட் போனதா, நாம் அணைத்தோமா என்று அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

எனவே நீ அணைத்துவிட்டுப் போன பின்பும் மாடியில் உன் வேலை திறந்தபடியே கிடந்திருக்கிறது. இது கணினிக் கோளாறு என்று மருத்துவமனையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்ப என்னால் முடியும். ஸ்கேன் சென்டருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

நீலாயதாட்சி


இளையான்குடி
16 ஜூலை 2025

மேடம் அவர்களுக்கு,

அக்கா என்று கூப்பிடச் சொன்னது நீங்கள். பத்து வருஷம் கூப்பிட்டேன். இனி மேடம் போதும்.

கடிதத்தை என்னைப் பெற்ற அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் தெரியாவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. முழுசும் கேட்டுவிட்டு, "சரிம்மா, பொட்டி தொறந்தே கெடந்துச்சு. வாசிச்சது யாரு? பொட்டியே வாசிச்சுப்புட்டு, பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுல போயிச் சொல்லுச்சாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக உங்களுக்கு நன்றி.

நீங்கள் சோதித்துக் கண்டுபிடித்ததாக எழுதியிருப்பதை நான் ஏப்ரலிலேயே யோசித்துவிட்டேன். இங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிறது; யோசிக்க நேரம் இருந்தது. கரண்ட் போனால் அது தானாக வரும், நாமே அணைத்தால் முடிந்தது என்றுதான் நாங்கள் பதினோரு பேரும் நினைத்திருந்தோம். ஏன் நினைத்தோம்? எல்லாப் பெட்டியிலும் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்கவும்." நான் அணைத்தேன். பச்சை விளக்கு போனதைப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையை எடுத்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஊரைக் காலி செய்து வந்த அன்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் சுபாவின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் ரிஹானா நின்றாள், பத்தாம் வகுப்புப் பரீட்சை அட்டையோடு. அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "ஏம்மா, நீயும் ஒரு பொட்டப்புள்ளய வச்சிருக்க. எம்புள்ள சீட்ட வாசிச்சு ஊருக்குச் சொன்னதுல ஒனக்கு என்னம்மா கெடைச்சுச்சு?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காளையார்கோவில் வரும்வரை ரிஹானா ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். பிறகு, "நீ செஞ்சியாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். நம்பியதாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலோடுதான் நான் இந்த வீட்டில் இருக்கிறேன்.

எனக்கு வேண்டியது வேலைக்கான கடிதம் இல்லை. செய்தது நான் இல்லை என்று அந்த அம்மாவுக்கும் என் மகளுக்கும் தெரிய வேண்டும். அதற்கு யார் என்று தெரிய வேண்டும். போனில் பேச மாட்டேன். நீங்கள் என்னைப் பற்றி எழுத்தில் கொடுத்தீர்கள். பதிலும் எழுத்திலேயே வரட்டும்.

பர்வீன் பானு


காரைக்குடி
21 ஜூலை 2025

அன்புள்ள பர்வீன்,

பஸ் ஸ்டாண்டில் நடந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பத்தியை மறுபடி படிக்க முடியவில்லை.

சீட்டைப் பற்றி நீ கேட்டது நியாயம். அதற்குப் பதில் சொல்கிறேன். பெட்டிகளை மாட்ட மதுரைக் கம்பெனியிலிருந்து முத்தரசு என்று ஒருவர் வந்தார். மேசைக்கு நாலு வயர்: கரண்ட், நெட்வொர்க், திரை, கீபோர்டு. செருகிய அரை நிமிடத்தில் பெட்டி மாடியில் சர்வரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் வேலை முடிந்தது. கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து, "மேடம், சுவிட்ச அமத்துனா கீழ பெட்டிதான் தூங்கும். மேல வேலை முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கும். போறப்ப லாக்-அவுட் குடுக்கணும்னு எல்லாருக்கும் பழக்கி விட்ருங்க. இல்ல, பத்து நிமிஷம் யாரும் தொடலைன்னா தானா வெளிய தள்ளுற மாதிரி நான் வச்சிட்டுப் போறேன்" என்றார்.

பத்து நிமிடம் வேண்டாம் என்றேன். முதல் நாள் தொடர்பு அறுந்த உடனே வெளியே தள்ளும்படி வைத்தபோது ஜெனரேட்டர் மாறும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்டது. டாக்டர் தேவா கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார், ஓ.பி. வரிசை வாசல் வரை நின்றது. பெட்டி அணைந்தாலும் எட்டு மணி நேரம் வேலை திறந்தே இருக்கும்படி வையுங்கள் என்று சொன்னேன். லாக்-அவுட் பழக்கும் வேலையைத் தள்ளிப் போட்டேன். பதினோரு பேருக்கும் உட்கார்ந்து சொல்லித் தருவதற்குப் பதில் ஒரு வரி எழுதி ஒட்டினேன். சுவிட்சையாவது அணைப்பார்கள், கரண்டாவது மிச்சமாகும் என்று நினைத்தேன்.

இது என் தவறு. விசாரணையின்போது முத்தரசு சொன்னது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நிர்வாக அலுவலர் சோமு சாரிடம் பேசி ஒரு கடிதம் வாங்கிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. "மேற்படி பதிவு கணினி அமைப்பின் கோளாறால் நேர்ந்திருக்கலாம். பர்வீன் பானு மீதான குற்றச்சாட்டு உறுதியாகவில்லை" என்று எழுதியிருக்கிறார். ரப்பர் ஸ்டாம்பு உண்டு. அன்று யார் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தார்கள் என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. இதை நீ ஏற்றுக்கொண்டால் நல்லது.

நீலாயதாட்சி


இளையான்குடி
29 ஜூலை 2025

மேடம் அவர்களுக்கு,

சோமு சாரின் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நேர்ந்திருக்கலாம், உறுதியாகவில்லை. இதை ஸ்கேன் சென்டரில் காட்டலாம். ரிஹானாவிடம் காட்ட முடியாது. அவள் பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றாறு.

வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நம் அறையில் மூன்று மேசை. நீங்கள், நான், அஜீஸா. அன்று நானும் அஜீஸாவும் நாலரைக்கு ஒரே ஆட்டோவில் செக்காலை வரை போனோம். அறைச் சாவி உங்களிடம். ஆறரைக்கு முன்னால் நீங்கள் பூட்டிக்கொண்டு போனதாக நான் பார்த்ததில்லை. கோப்பு திறந்தது 5.12-க்கு.

மாப்பிள்ளை வீடு கண்டரமாணிக்கம் என்று சுபாவின் அப்பா வந்து சத்தம் போட்ட அன்று எல்லோருக்கும் கேட்டது. உங்கள் ஊரும் அதுதான். பொங்கல் முடிந்து நீங்கள் கொண்டுவந்து கொடுக்கும் சீடையும் மாவுருண்டையும் அங்கே உங்கள் அண்ணன் வீட்டில் செய்தது என்பீர்கள்.

நான் எதையும் கேட்கவில்லை மேடம். தெரிந்ததை எழுதினேன். இதில் தவறு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்புங்கள்.

பர்வீன் பானு


காரைக்குடி
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பர்வீன்,

தவறு எதுவும் இல்லை.

அந்தக் கோப்பைத் திறந்தது நான்.

இந்த வரியை எழுதப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது. இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களிலும் இது நாலாவது பக்கத்தில் வந்தது, அதனால் கிழித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா முத்துக்கருப்பன் எனக்குப் பெரியப்பா மகன். நீ சொன்ன அண்ணன் அவர்தான். அன்று ஐந்து மணிக்குப் போன் செய்தார். "ஏத்தா நீலா, அந்தப் புள்ள சின்ன வயசுல ஒங்க ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வந்து போச்சுன்னு காதுல விழுந்துச்சு. ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, வெள்ளிக்கிழமை பேசி முடிச்சுப்புடுறோம்" என்றார். வெளியில் சொல்லக் கூடாது என்றேன். "நான் என்ன ஊர்க்காரனா? படிச்ச புள்ள ஒருத்தி வீட்டுல இருந்து எதுக்கு?" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த வீட்டில் நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் நின்றுபோனவள். ஒரு காரியத்துக்கு என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பார்த்தேன். வலிப்பு என்று இருந்தது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு, "அண்ணே, எதுக்கு அவசரம், கொஞ்சம் பொறுத்துச் செய்யலாமே" என்று மட்டும் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. மீதியை வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

உன் மேசை கதவுப் பக்கம் இருப்பதால் போகிற வழியில் அதில் பார்த்துவிட்டேன். யார் பெயரில் திறந்திருக்கிறது என்று கவனிக்கவில்லை. பதிவேட்டில் உன் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

நீலாயதாட்சி


இளையான்குடி
18 ஆகஸ்ட் 2025

மேடம் அவர்களுக்கு,

கடைசிப் பத்தி மட்டும் சரியாக இல்லை.

என் பெட்டியை நான் அணைத்துவிட்டுப் போனேன். அதன் சுவிட்ச் மேசைக்கு அடியில், சுவரோடு இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டி போட்டுக் குனிந்தால்தான் கை எட்டும். தினமும் காலையில் நான் குனிவேன், பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பெட்டி உங்கள் மேசையில் போட்டபடி இருந்தது. ஆறரை வரை அது போட்டுத்தான் இருக்கும்.

போகிற வழியில் யாரும் முட்டி போட மாட்டார்கள்.

கவனிக்கவில்லை என்று எழுதாதீர்கள். லீவு விண்ணப்பத்தில் ஒரு காற்புள்ளி குறைந்தால் திருப்பிக் கொடுப்பவர் நீங்கள்.

பர்வீன் பானு


காரைக்குடி
22 ஆகஸ்ட் 2025

பர்வீன்,

முட்டி போட்டேன்.

போனை வைத்ததும் என் கை முதலில் என் கீபோர்டுக்குத்தான் போனது. நோயாளி எண்ணில் பாதி அடித்தேன். திரையின் மேல் ஓரத்தில் என் பெயர் இருந்தது. அழித்துவிட்டு எழுந்தேன். என் மேசையிலிருந்து உன் மேசைக்கு ஆறு தப்படி. நாற்காலியை இழுத்தேன், குனிந்தேன், சுவிட்சைப் போட்டேன். பெட்டி எழ அரை நிமிடம் ஆகும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அந்த அரை நிமிடம் முழுவதும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போயிருக்கலாம். திரை வந்தது, மேல் ஓரத்தில் உன் பெயர். முத்தரசு சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. மறந்ததாக எழுதியது பொய். அதை நம்பித்தான் ஆறு தப்படி நடந்தேன்.

உன்னை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை என எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மைதான், ஆனால் அதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை. என் பெயரில் வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன். வேறு பெயர் என்றால் அது ஒரு ஆளுடைய பெயர், அந்த ஆள் இப்போது வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

விசாரணை அறையில் சோமு சாரும் டாக்டரும் இருக்கும்போது நீ என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கக்கா, நான் அப்பிடிச் செய்வேனா?" என்றாய். நான் தாளைப் பார்த்துக்கொண்டு, "அமைப்பு அப்படித்தான் காட்டுகிறது" என்றேன். என் குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. பாடம் நடத்துகிற குரல்.

இன்னொன்றும் இருக்கிறது. சுபாவின் கோப்பில் பதினாலு பக்கம். நான் படித்தது முதல் இரண்டு. போன மாதம்தான், அனுமதி எழுதி வாங்கி, என் பெயரில் மீதியைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் மாத்திரை நிறுத்திய பிறகு வலிப்பு மறுபடி வரவில்லை, இனி ஆஸ்பத்திரிக்கு வரத் தேவையில்லை என்று இருக்கிறது. அதை எழுதியே ஒன்பது வருஷம் ஆகிறது. பன்னிரண்டு பக்கம் புரட்ட எனக்குப் பொறுமை இல்லாமல் போனது அந்த ஒரு நாள்தான் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நீ காட்டும்வரை காத்திருக்க மாட்டேன். மருத்துவமனைக்கும் செக்காலையில் சுபாவின் வீட்டுக்கும் நானே போகிறேன். போய்விட்டு எழுதுகிறேன்.

நீலாயதாட்சி


காரைக்குடி
5 செப்டம்பர் 2025

பர்வீன்,

போனேன். இரண்டு இடத்துக்கும்.

சோமு சாரிடம் என் வாக்குமூலத்தை நீட்டினேன். முதல் பத்தியைப் படித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். "ஆச்சி, எதுக்கு இதக் கிளறுறீக? கோளாறுன்னு எழுதி முடிச்சாச்சு. அந்தப் புள்ளைக்கும் கடுதாசி குடுத்தாச்சு. ஒங்களுக்கும் தொந்தரவில்ல, எங்களுக்கும் தொந்தரவில்ல" என்றார். அவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று மேசையில் வைத்தேன். பெட்டிக்குக் கோளாறு ஏதும் இல்லை, சொன்னதைச் செய்தது என்றேன். அவர் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு, நீங்களாகவே ராஜினாமா எழுதிவிட்டால் மரியாதையாக இருக்கும் என்றார். விலக்கியதாகவே எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு அவர் முகத்தில் வந்த எரிச்சலைப் பார்த்தால், நான் இப்போதும் ஏதோ திமிராகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. இருக்கலாம். உத்தரவு வந்துவிட்டது. உன் மீது நடவடிக்கை எடுத்தது தவறு என்று தனியாக ஒரு கடிதமும் போடுகிறார்கள். அதில் "நேர்ந்திருக்கலாம்" ஒன்றும் இல்லை, வாசித்துப் பார்த்துவிட்டேன்.

செக்காலை வீடு இதைவிடக் கடினமாக இருந்தது. வாசலில் நின்றேன். சுபாவின் அம்மா உமையாள் ஆச்சி யாரென்று கேட்பதற்கு முன்னால் "வாங்க" என்றார். நம் பக்கத்து வழக்கம் அது. யார் வந்தாலும் முதலில் அந்த வார்த்தை. உள்ளேயிருந்து சுபாவும் எட்டிப் பார்த்து "வாங்க" என்றாள். உட்கார வைத்து, காபி வந்த பிறகுதான் என்ன விஷயம் என்றார்கள். நின்றுகொண்டே சொல்ல நினைத்திருந்தேன். கையில் டம்ளரோடு உட்கார்ந்து சொல்ல வேண்டியதாயிற்று.

சொல்லி முடித்தேன். ஆச்சி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் என்னை விட்டுவிட்டார். "அப்ப அந்தப் பானு புள்ள?" என்று சுபாவைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுல வச்சு, அது மகள வச்சுக்கிட்டு நிக்கிறப்ப... ஆத்தே, நான் என்ன காரியம் பண்ணியிருக்கேன்." அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. உன் ஊரை மட்டும் கேட்டார். சொன்னேன்.

சுபா ஒன்றே ஒன்று கேட்டாள். "கடைசிப் பக்கம் பாக்கலையா ஆச்சி நீங்க?"

பார்க்கவில்லை என்றேன்.

"அதுல டாக்டர் சிரிக்கிற மொகம் ஒண்ணு வரைஞ்சிருப்பாரு. எனக்கு அப்ப பதினாலு வயசு" என்றாள்.

இருந்தது. ஸ்கேன் செய்த தாளின் ஓரத்தில், பேனாவால். எழுந்தேன். "காபியக் குடிச்சிட்டுப் போங்க, ஆறிப் போச்சு" என்றார் ஆச்சி, பழக்கத்தில். குடித்தேன். குடிக்காமல் வைத்தால் இன்னொன்று கலந்துவிடுவார்கள்.

கண்டரமாணிக்கத்துக்கும் போன் செய்தேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடைசிப் பக்கம் உட்பட. "முடிஞ்சு போனத எதுக்குத்தா இப்பப் பேசுற" என்று வைத்துவிட்டார். இதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

நீலாயதாட்சி


இளையான்குடி
20 செப்டம்பர் 2025

மேடம் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உமையாள் ஆச்சியும் சுபாவும் இங்கே வந்தார்கள். மூன்று பஸ் மாறி, தெருத்தெருவாகக் கேட்டு. அத்தா வாசலில் யாரோ என்று அதட்டினார். நான் தண்ணீர் கொண்டு போனேன். ஆச்சி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. "ஒம் மகளக் கூப்புடு" என்றார்.

ரிஹானா வந்து நின்றாள். ஆச்சி எழுந்து நின்றுகொண்டார். "ஒங்கம்மாவ ஒன்ன வச்சுக்கிட்டுப் பேசிட்டேன். அதுனால ஒன்ன வச்சுக்கிட்டே சொல்றேன். அவுக செய்யலத்தா. நான்தான் வெசாரிக்காமப் பேசுனேன்" என்றார். ரிஹானா, "எனக்குத் தெரியும்" என்றாள். அவளுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா.

அத்தா மட்டும், "அப்ப பொட்டி பஸ் ஏறல" என்றார். சுபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆச்சி சைவம் என்று ரசமும் கத்தரிக்காயும் வைத்தோம்.

துபாயில் இருந்து என் வீட்டுக்காரர் அயாஸ் தினமும் போனில் உங்கள் மேல் வழக்குப் போடச் சொல்கிறார். போடலாமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். போடாவிட்டால் அது உங்களுக்காக இல்லை. சுபாவின் பெயர் மறுபடி ஊர் வாயில் விழ வேண்டாம் என்பதற்காக.

சோமு சார் கூப்பிட்டார். உங்கள் நாற்காலிக்கு என்னை வரச் சொல்கிறார். முதலில் மாட்டேன் என்றேன். ரிஹானா, "அதே எடத்துல போயி உக்காரும்மா" என்றாள். 29-ஆம் தேதி சேர்கிறேன்.

பெட்டிகளைச் சரி செய்யாமல் நான் அந்த அறையில் உட்கார மாட்டேன். முத்தரசு கம்பெனியை விட்டுப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் நாள் தள்ளிக்கொண்டே போகிறார். எப்படிச் செய்வது என்று உங்களைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. எழுதி அனுப்புங்கள்.

வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பர்வீன் பானு


காரைக்குடி
24 செப்டம்பர் 2025

பர்வீன்,

கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் யாரும் வருவதற்கு முன் மாடிக்குப் போ. சர்வர் அறைச் சாவி இப்போது சோமு சாரிடம். அங்கே உள்ள திரையில் நிர்வாகி என்ற பெயரில் நுழைய வேண்டும். பழைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஆகவே முதல் வேலையாக அதை மாற்று. புதியதை யாரிடமும் சொல்லாதே, டாக்டர் கேட்டாலும்.

இடப்பக்கப் பட்டியலில் "டெர்மினல்கள்" என்று இருக்கும். திறந்தால் பதினோரு பெட்டியும் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். தொடர்பு அறுந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் எட்டு மணி என்று இருக்கும். அது நான் வைத்தது. இரண்டு நிமிடம் என்று ஆக்கு. ஜெனரேட்டர் மாற இருபது நொடிதான் ஆகிறது, அளந்து பார்த்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் யாருக்கும் தொந்தரவு வராது. ஜனவரியிலேயே அளந்திருந்தால் தெரிந்திருக்கும். இன்னொன்று, யாரும் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளும் நேரம். அது பூஜ்யம் என்று இருக்கும். பத்து என்று போடு. டாக்டர் தேவா இரண்டு நாள் கத்துவார்.

கீழே வந்து சீட்டுகளைக் கிழித்துவிடு. பசை அழுத்தமாக ஒட்டியிருக்கிறது. வெந்நீர்த் துணி வைத்தால் வரும். பதிலுக்கு வேறு சீட்டு ஒட்டாதே. ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, லாக்-அவுட் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கையாலேயே மூன்று தடவை அழுத்தச் சொல். அரை நாள் போகும். போகட்டும்.

பிறகு பயனர் பட்டியல். என் பெயர் இன்னும் இருக்கிறது. நீக்காதே. நீக்கினால் நான் திறந்த பழைய பதிவுகளில் எல்லாம் பெயர் இருந்த இடம் வெற்றாகிவிடும். பக்கத்தில் "முடக்கு" என்று இருக்கும், அதைக் கொடு. உள்ளே வர முடியாது, பெயர் மட்டும் கிடக்கும்.

கடைசியாக, நுழைவுப் பதிவேடு. மார்ச் 19-க்குப் போனால் அந்த வரி வரும். மாலை 5.12, பர்வீன் பானு, நோயாளி எண். அதைத் திருத்த முடியுமா என்று மதுரைக் கம்பெனிக்கு இரண்டு தடவை போன் செய்து கேட்டேன். முடியாதாம். யாராலும் மாற்ற முடியாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள், அதுதான் அதன் பாதுகாப்பு என்கிறார்கள். ஆகவே அந்த வரியில் உன் பெயர் அப்படியே இருக்கும். நீ வேலை பார்க்கும்வரைக்கும், அதற்குப் பிறகும். அதை என்னால் எடுக்க முடியவில்லை.

வரியின் வலது ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு சிறு கட்டம் உண்டு. நிர்வாகியால் மட்டும்தான் எழுத முடியும், ஒரே ஒரு தடவை. நாற்பது எழுத்துக்கு மேல் கொள்ளாது. திறந்தவர் நீலாயதாட்சி என்று எழுது.

இடம் போதும். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

நீலாயதாட்சி